நான் உடைத்த கை

சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சைக்கிள் பையைத் தரையில் கவிழ்த்துவிடுவேன். போன வாரத்து மண்ணும் காய்ந்த புல்லும் கடலைமிட்டாய்க் காகிதமும் சாமான்களோடு சேர்ந்து கொட்டும். ஒவ்வொன்றாகத் துடைத்து, பார்த்து, மறுபடி உள்ளே வைப்பேன். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். கத்தரி, இடுக்கி, பஞ்சு என்று சரிபார்த்து வைத்து, சரிபார்த்து எடுத்துப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் சைக்கிள் விடப் பை கட்டும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அந்தப் பைக்குள் இருந்த முக்கால்வாசிச் சாமான் ஏதோ ஒரு காயத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. முதல் வருஷம் இரண்டு ட்யூபும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும்தான் கொண்டுபோனேன். ஆய்க்குடிப் பக்கம் ஒரு பொத்தையில் இறங்கும்போது விழுந்தேன். வயலுக்கு நடுவே தனியாக நிற்கிற மொட்டைப் பாறைக் குன்றை எங்கள் பக்கம் பொத்தை என்போம். முட்டி கிழிந்து உள்ளே வெள்ளையாகச் சிப்பி எலும்பு தெரிந்தது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் மிதித்து வீடு வந்தேன். அடுத்த வாரம் பைக்குள் நல்ல பேண்டேஜ் வந்தது. ஒரு தோட்டத்து நாய் என் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்கியது. அதற்குப் பிறகு ஃபிரேமோடு சேர்த்து ஒரு பிரம்பு கட்டினேன். கூட வருகிறவளுக்கு ஒரு தடவை தோள் மூட்டு கழன்றுவிட்டது. பாறையில் படுக்கவைத்து, அவள் விலாவில் என் காலை ஊன்றி, கையை இழுத்து மூட்டை உட்காரவைத்தேன். அவள் போட்ட கூச்சலில் மயில்கள் எழும்பிப் பறந்தன. அன்றைக்குப் பிறகு முக்கோணத் துணி ஒன்று, கையைக் கழுத்தில் தொட்டில் கட்டுவதற்கு.

கூட வருகிறவள் வக்கீல். என்னைவிட ஐந்து வயது இளையவள். ஒரு அடிதடி வழக்கில் கட்சிக்காரருக்குக் காயச் சான்றிதழ் வாங்க எங்கள் மருத்துவமனைக்கு வந்தவள், என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "இது யாரு மேல கேஸு?" என்று கேட்டாள். சைக்கிள் மேல் என்றேன். அடுத்த மாதமே மலைச் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவளுக்கு வீடே கிடையாது என்று சொல்லலாம், கோர்ட்டும் வாடகை அறையும்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினால் கேட்பதற்கு யாருமில்லை.

சீசன் காலத்தில் குற்றாலம் பக்கம் போகவே மாட்டோம். சாரல் விழ ஆரம்பித்தால் ஐந்தருவி ரோட்டில் கார் மேல் கார் நிற்கும். குடித்துவிட்டுப் பாறையில் வழுக்கினவர்கள் எப்படியும் திங்கட்கிழமை என் தியேட்டர் மேஜைக்கு வந்துவிடுவார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க எனக்கு மனசில்லை. அதனால் இலத்தூர்ப் பக்கத்துக் குளத்தங்கரைகள், ஆய்க்குடிப் பொத்தைகள், அதைத் தாண்டினால் புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரம் என்று சுற்றுவோம்.

இலத்தூர்க் குளத்தங்கரையில்தான் அது நடந்தது. காலை ஏழு மணி இருக்கும். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் இரண்டு பேர். எங்களைத் தாண்டிப் போனார்கள், நின்றார்கள், திரும்பி வந்தார்கள். பின்னால் இருந்தவன் அவளுடைய பை வாரை எட்டிப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. அவள் சைக்கிளிலிருந்து பிடுங்கப்பட்டு, கரை மண்ணில் தரதரவென்று இழுபட்டு, உடைமுள்ளில் போய் விழுந்தாள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினேன். வண்டியை ஓட்டினவன் அப்புறம்தான் நிறுத்தி இறங்கி வந்தான். ஒன்றுமே பேசவில்லை. என் கன்னத்தில் ஒரு அறை அறைந்தான். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லை.

அவள் முதுகிலும் தொடையிலும் இருந்த முள்ளை அன்று மத்தியானம் வரை இடுக்கியால் எடுத்தேன். எடுக்க எடுக்க என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. பிரம்பு ஃபிரேமிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆறடி தூரத்தில் பிரம்பை வைத்துக்கொண்டு அறை வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

புகார் கொடுத்தோம். ஆள் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் பை மாறிப்போனது. மூக்கடைப்புக்கு அடிக்கிற மருந்துக் குப்பியில் மிளகாய்த் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு பேர் கழுத்திலும் விசில். என்னிடம் இருந்த சின்ன பிளாஸ்டிக் பம்ப் எனக்கு விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. தென்காசியில் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்குப் போய், பழைய மாதிரி நீளமான இரும்புப் பம்ப் இருக்கிறதா என்று கேட்டேன். பரண்மேல் இருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார் கடைக்காரர்.

"இது எதுக்குக்கா? சின்னதுதான் கைக்கு அடக்கமா இருக்கும்லா."

நான் அதை வாங்கி, கடைக்குள்ளேயே ஒரு வீச்சு வீசிப் பார்த்தேன். கடைக்காரர் ஓரடி பின்னால் போனார். கனம் சரியாக இருந்தது. நுனிப் பக்கம் கொஞ்சம் கூடுதல் கனம். வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அதை ஃபிரேமில் ரப்பர் பட்டையால் கட்டி, இழுத்தவுடனே கையில் வருகிறதா என்று பத்துப் பன்னிரண்டு தடவை உருவிப் பார்த்தேன். பாரம் கூடிவிட்டது என்று ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தேன். வக்கீல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எக்கா, மலைக்குப் போறோமா சண்டைக்குப் போறோமா?"

"எதுக்கும் இருக்கட்டும் ட்டீ" என்றேன்.

மூன்று வாரம் அப்படி ஒன்றும் நடக்காமல் போனது. நான்காவது ஞாயிறு புளியங்குடிக்குக் கிளம்பினோம். அவள் காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் வரும்போது அங்கே போய்ச் சேர்ந்தோம். லாரிகளில் எலுமிச்சை மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அந்த வாசனை. மண்டிப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, மேற்கே மிதித்தோம். மலையடிவாரம் வரை தார் ரோடு. அங்கிருந்து வடக்கே, சிவகிரியைப் பார்த்து, தோட்டங்களின் ஓரமாகவே ஒரு வண்டித்தடம் போகும். காட்டு எல்லைக்குள் நாங்கள் நுழைவதில்லை. தடத்துக்கு இடது பக்கம் மலை, வலது பக்கம் எலுமிச்சை. மேகம் மூட்டமாக இருந்தது, காற்று பலமாக அடித்தது. நல்ல நாள் என்று நினைத்தேன்.

ஒரு ஓடைக்குள் தடம் சரிந்து இறங்குகிற இடம். அவள் எனக்கு இருபதடி முன்னால் போனாள். பிரேக்கைப் பிடிக்காமல் இறங்குவது அவளுக்குப் பிடிக்கும். டங் என்று, இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன் சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பின் சக்கரம் எழும்பியது. அவள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து, கையை ஊன்றக்கூட நேரமில்லாமல், முகம் குப்புற ஓடைப் பாறையில் விழுந்தாள்.

நான் போய்ப் பார்க்கும்போது ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. தாடை கிழிந்து எலும்பு தெரிந்தது. முன்பல் இரண்டு இல்லை. தோளுக்கு மேலே காறையெலும்பு தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டு நின்றது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. வாய் நிறைய ரத்தம். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் விரலை விட்டு ரத்தக் கட்டியையும் பல் துண்டையும் வழித்து எடுத்தேன். அப்போதுதான் சைக்கிளைப் பார்த்தேன். முன் ஃபோர்க்கில் ஒரு சுருக்கு இறுகியிருந்தது. பைக் கிளட்ச் கேபிளை முறுக்கிச் செய்த சுருக்கு. மறு முனை ஒரு உடைமரத்தின் அடியில் கட்டியிருந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கண்ணி.

பின்னால் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து ஒருவன் ஓடிவந்தான். மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் அரிவாள், கையில் கட்டிங் பிளேயர். எங்களைப் பார்க்கவே இல்லை. ஏதோ கத்திக்கொண்டே நேராகக் கம்பியிடம் போய்க் குனிந்தான். அவன் என்ன கத்தினான் என்று எனக்குக் காதில் ஏறவில்லை. அரிவாள் தெரிந்தது, பிளேயர் தெரிந்தது. ஆள் சாகக் கிடக்கும்போது கம்பியை மறைக்க வந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குள் பம்ப் என் கையில் இருந்தது. எப்போது உருவினேன் என்று இன்றைக்கும் நினைவில் இல்லை.

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. அவன் திரும்பினான். இரண்டாவது அடியைத் தலையைப் பார்த்து வீசினேன். கையைத் தூக்கித் தடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். கேட்டது. நான் நிறுத்தவில்லை. விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. விழுந்தான். விழுந்தவனை உதைத்தேன். "யம்மா நான் இல்ல, நான் இல்ல" என்றான். அவன் நெஞ்சில் முட்டியை வைத்து அழுத்தி, முகத்துக்கு நேரே பம்பை ஓங்கினேன். அந்த முகத்தில் மீசையில் மண், கண்ணில் தண்ணீர். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஓங்கிய கை ஓங்கினபடியே இருந்தது.

"எக்கா."

வாயில் ரத்தத்தோடு அவள் கூப்பிட்டாள். நிறுத்து என்று சொன்னாளா, உதவிக்குக் கூப்பிட்டாளா என்று பிறகு நான் கேட்டேன். அவளுக்குக் கூப்பிட்டதே நினைவில்லை. எப்படியோ அந்தச் சத்தத்தில் என் கை இறங்கியது.

அடிபட்டவர் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் மறுபடி படுத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"அறுக்கத்தான் வந்தேன் தாயி" என்றார். "ராத்திரி பன்னிக்குக் கட்டுவோம். வெளிச்சம் வரும்முன்ன நான் வந்து எல்லாத்தையும் கழத்திருவேன். ஆளு நடக்க பாதைல்லா. இன்னைக்கு வீட்டுல அவளுக்குக் காய்ச்சல், கஞ்சி வச்சுக் குடுத்திட்டு வர நேரமாயிட்டு. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். 'எடுத்துருதேன் எடுத்துருதேன்'னு கத்திக்கிட்டேதான வந்தேன்."

பையைக் கவிழ்த்தேன். முக்கோணத் துணி ஒன்றுதான் இருந்தது. அதை வக்கீலின் தோளுக்குக் கட்டினேன். தாடையில் பேண்டேஜை வைத்து அழுத்தினேன். அது ஊறிக்கொண்டே இருந்தது. அவருக்கு, நாய்க்கென்று வைத்திருந்த பிரம்பை இரண்டாக ஒடித்து, முன்கையின் இரண்டு பக்கமும் வைத்து, அவருடைய துண்டைக் கிழித்துக் கட்டினேன். நான் கையைத் தொட்டபோது அவர் உடம்பு முழுக்கப் பின்னால் இழுத்துக்கொண்டது. பிறகு அவரே கையை நீட்டினார்.

தண்ணீர் போதவில்லை. இருந்த பாட்டில் அவள் வாயைக் கழுவவே காலியாகிவிட்டது. நான் வெறும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அவர் தள்ளாடி எழுந்து தோட்டத்துக்குள் போனார். வரமாட்டார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

அவருடைய போனிலிருந்தே எலுமிச்சை ஏற்றுகிற லோடு ஆட்டோவைக் கூப்பிட்டோம். டிரைவர் வந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழ விழுந்துட்டாவ" என்று கை ஒடிந்தவர்தான் சொன்னார். புளியங்குடியில் கார் நின்ற இடம் வரை மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தாள் வக்கீல். சைக்கிள்களையும் சாமான்களையும் ஓடையிலேயே விட்டுவிட்டோம்; இரண்டு நாள் கழித்து அதே ஆட்டோக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

தென்காசிக்கு நான்தான் காரை ஓட்டினேன். பின் சீட்டில் அவள் படுத்திருந்தாள். முன் சீட்டில், என் பக்கத்தில், அவர். கடையநல்லூர் தாண்டினோம். அப்புறம் அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரில கேட்டா மரத்துல இருந்து விழுந்தேம்னு சொல்லிருதேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"கம்பி விசயம் வெளிய வந்தா மொதலாளி என்னைய நிறுத்திருவாரு. அடிச்சது வெளிய வந்தா ஒங்களுக்கு வேலை போயிரும். மரத்துல இருந்து விழுந்தா ரெண்டு பேத்துக்கும் நல்லது."

என் கையில் ஸ்டியரிங் வழுக்கியது. ரத்தமா வியர்வையா தெரியவில்லை. உடையில் துடைத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்கிற மருத்துவமனைக்கேதான் போனோம். எலும்பு டாக்டர் ஞாயிறு விடுப்பில் வீட்டில் இருந்தவர், நான் போன் பண்ணியதும் வந்துவிட்டார். வக்கீலை உள்ளே எடுத்துப் போனார்கள். கை ஒடிந்தவருடைய எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்கையில் இரண்டு எலும்பு உண்டு. அதில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்து விலகியிருந்தது.

விழுந்தவர்களுக்கு அப்படி உடையாது. விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். தலையில் விழ வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால்தான் அந்த எலும்பு அந்த இடத்தில் உடையும். இருபது வருஷமாக அந்த முறிவை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்பார்கள், கூட வந்த புருஷன் தலையாட்டுவான். நம்பாமலேயே நானும் அப்படியே சீட்டில் எழுதியிருக்கிறேன்.

"என்ன சொல்றாரு?" என்றார் டாக்டர்.

"மரத்துல இருந்து விழுந்தாராம் சார்."

"எங்க வேலை?"

"எலுமிச்சைத் தோட்டம்."

"எலுமிச்சை மரத்துல இருந்து விழுந்தா இப்படி உடையுமா சிஸ்டர்? அந்த மரம் என்ன உசரம் இருக்கும்? யாரு அடிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

"நான்தான் சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். "போய் மூஞ்சி கை கழுவிட்டு வாங்க. பிறகு பேசுவோம்" என்றார். அன்றைக்கு அந்த எலும்புக்குத் தகடு வைத்தபோது என்னைத் தியேட்டருக்குள் விடவில்லை. முதல் தடவையாக நோயாளியின் சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். அவரிடம் மரத்திலிருந்து விழுந்ததாகக் கை ஒடிந்தவர் சொன்னார். நான்தான் அடித்தேன் என்று நான் சொன்னேன். தாடையில் தையலோடு பேசமுடியாமல் கிடந்த வக்கீல், 'புகார் எதுவும் இல்லை' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடிபட்டவரு இல்லங்காரு. அடிச்சவங்க ஆமாங்காங்க. வக்கீலம்மா எழுதிக் காட்டுதாங்க. நான் எதம்மா எழுதட்டும்?"

கடைசியில் மரத்திலிருந்து விழுந்தது என்றே எழுதிக்கொண்டு போனார். மருத்துவமனை நிர்வாகம் என்னை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னது. விஷயத்தைக் கேள்விப்பட்டுத் துபாயிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். "சைக்கிளை வித்துரு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டாவது அடி. கையில் அது விழுந்த அதிர்வு. அது எனக்குப் பிடித்திருந்தது. அடிக்கும்போது என் உடம்பில் ஒரு நிம்மதி வந்தது. குளத்தங்கரையில் உட்கார்ந்தவள் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் மூன்றாவது அடியும் நான்காவதும். கம்பி வைத்தவன் என்று நினைத்து அடித்தது முதல் அடி மட்டும்தான். மற்றதெல்லாம் அடிப்பதற்கு ஆள் கிடைத்ததால் அடித்தது.

கை ஒடிந்தவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு தையலுக்கு மருந்து வைக்க நானே போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். புளியங்குடிக்கு மேற்கே, தோட்டங்களுக்கு நடுவில் பத்து வீடு. பஸ்ஸில் இறங்கி நடந்து போனேன். வாசலில் அவர் சம்சாரம் நின்றிருந்தாள். காய்ச்சலில் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீதானா அது?"

"ஆமா."

கன்னத்தில் அறைந்தாள். குளத்தங்கரையில் அறை விழுந்த அதே கன்னம். நான் நகரவில்லை. மறுபடி அறைந்தாள். காது குப்பென்று அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை கையை ஓங்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஏட்டி, விடு. நர்ஸம்மா மருந்து வைக்க வந்திருக்காவ."

"கையை ஒடிச்சவளே ஒட்ட வைக்க வந்திருக்காளாக்கும்" என்றாள் அவள். ஓங்கிய கையைக் கீழே போட்டாள். "ஒழுங்கா வையி. இல்லைன்னா இங்கனயே ஒன் கையை ஒடிச்சிருவேன்."

உள்ளே போய்க் கட்டைப் பிரித்தேன். முடிச்சு இரண்டு தடவை என் விரலிலிருந்து நழுவியது. தியேட்டரில் ஒரு நாளும் அப்படி நழுவியதில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அவ அப்பிடித்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. ஒரே ஒரு வார்த்தை."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வக்கீலுக்கு வாய் திறக்க மூன்று வாரம் ஆனது. திறந்ததும் அவள் செய்த முதல் வேலை அந்தத் தோட்டத்து முதலாளியைப் பார்க்கப் போனது. கேஸ் போடாதே, அவருக்கு வேலை போய்விடும் என்று கெஞ்சியிருந்தேன். கேஸ் போடவில்லை. அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள். முதலாளி, "பன்னிக்கு வச்சதும்மா" என்றாராம். இவள் வாயைத் திறந்து பல் இல்லாத ஓட்டையைக் காட்டி, "என்னையப் பாத்தா பன்னி மாதிரியா இருக்கு?" என்று கேட்டாளாம். தடத்தோரம் இருந்த கம்பிகள் எல்லாம் அன்றைக்கே போயின. கை ஒடிந்தவர் வேலையும் தப்பித்தது. அடுத்த தோட்டத்தில் கம்பி இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. இருக்கும்.

அன்றைக்கு அவள் என் வீட்டில் இட்லியைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"எக்கா, நீ ரொம்பப் போட்டு ஒழப்பிக்கிடுத. எனக்காகத்தான அடிச்ச? நான் செத்துக் கிடக்கேன்னு நெனச்சு அடிச்சிருக்க. எந்தக் கோர்ட்டுலயும் நான் வாதாடுவேன்."

"ஒனக்காக அடிக்கல ட்டீ. நீ ரத்தம் கக்கிக்கிட்டுக் கிடக்க, ஒன்னைய விட்டுட்டுல்லா அடிக்கப் போனேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவள் வாய் நிறைய ரத்தம் இருந்தபோது, நான் விரலை எடுத்துவிட்டு எழுந்து போனேன். மூச்சு அடைத்திருந்தால் அந்த ஐந்து நிமிஷத்தில் போயிருப்பாள். அதை அவள் அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை. நான் தினமும் யோசித்தேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். ஒரு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவளாகவே வந்து, என் பையைத் தரையில் கொட்டி, மிளகாய்த் தண்ணீர்க் குப்பியை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். முக்கோணத் துணி நான்கு வாங்கி வந்திருந்தாள். பம்ப் எங்கே என்று கேட்டாள். எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். மறுநாள் ஆய்க்குடிப் பொத்தைக்குப் போனோம். அவள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

மாவுக்கட்டைப் பிரிக்கிற அன்று அவர் மருத்துவமனைக்குச் சம்சாரத்தோடு வந்தார். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறொரு ஆளின் கை மாதிரி இருந்தது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னேன். பாதிதான் திரும்பியது. அதற்கு மேல் போகவில்லை. தினமும் வெந்நீரில் வைத்துப் பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம் வரும், முழுசாக வராது என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார்.

"காய் பறிக்கத் திருகணும்லா" என்றார் அவர், கையைத் திருப்பிப் பார்த்தபடி. "இடது கையால பழகிக்கிடுதேன்."

பயிற்சி எப்படிச் செய்வது என்று சம்சாரத்துக்குக் காட்டிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் கவனமாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் தானே ஒரு தடவை செய்துகாட்டிச் சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன். மருந்துப் பையை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வாசல் வரை போனார்கள். அங்கே நின்று அவள் திரும்பினாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பல்லு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"ம்" என்றாள். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.